ரோக்கனுக்கு ஒரு வாக்கு: வன்னியில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

போன மாதம் உங்களில் ஐந்து பேர் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அம்மா தந்த தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். ஊருக்கென்று ஒரு நிதியம். அதற்கென்று ஒரு ரோக்கன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அதை வாங்குவார்கள். அந்தப் பணத்தில் விதைநெல் கடன், நெல் காயவிடத் தளம், வாய்க்கால் துப்புரவு, பிள்ளைகளின் படிப்பு. எதற்கு எவ்வளவு என்பதை ரோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, பொருளாளர் கிடையாது. ஆகவே களவும் கிடையாது. கடைசி வசனத்தைச் சொன்னபோது உங்களில் ஒருவருடைய முகம் அப்படி மலர்ந்தது. எனக்கு அது விளங்கியது. சங்கத்துக் காசு காணாமல் போன கதை இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

வரைவை வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பதிலைத் திறந்த மடலாக எழுதக் காரணம், இதே யோசனையோடு முல்லைத்தீவிலிருந்து ஒரு பிள்ளையும் வவுனியாவிலிருந்து இரண்டு பேரும் அதற்குப் பிறகு என்னோடு பேசினார்கள். வாக்கைப் பற்றிய பகுதி எல்லாருடைய வரைவிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

உங்கள் வரைவின் ஏழாம் பக்கத்தில் இருப்பது இது. மொத்தம் 20,000 ரோக்கன். ஊரிலுள்ள 240 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்குப் பத்தாக 2,400 இலவசம். மிச்சம் 17,600 விற்பனைக்கு. ஒரு ரோக்கனுக்கு ஒரு வாக்கு. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் நான்கு பேர் 11,000 ரோக்கன் வாங்க ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பதினோராயிரம் என்பது பாதிக்கு மேல். நான்கு பேர் ஒரு வட்சப் குழுவில் பேசி முடித்தால் 240 குடும்பமும் கூடி எதிர்த்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தலைவரை நீங்கள் ஒழிக்கவில்லை. நான்கு தலைவர்களை வைத்துவிட்டு, அவர்களை மாற்றும் வழியையும் அடைத்திருக்கிறீர்கள்.

இந்த நான்கு பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், தங்கமான மனிதர். ஆனால் நீங்கள் எழுதும் நிரல் தங்கமான மனிதரை மட்டும் உள்ளே விடாது. ரோக்கன் விற்கக்கூடிய பொருள். இன்று அவருடைய கையில் இருப்பது நாளை யாருடைய கையிலும் இருக்கலாம். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுடைய மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் ஒரு கதையை முதலில் சொல்கிறேன். இது 2020இல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கப் பகிரங்கமாக நடந்தது.

ஸ்டீம் என்று ஒரு பிளொக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கேட்டுச் சங்கிலி. 2016இல் தொடங்கியது. எழுதுபவர்களுக்கும் வாசித்து வாக்களிப்பவர்களுக்கும் நாணயம் கிடைக்கும். உலகமெங்கும் சின்னச் சின்ன எழுத்தாளர்கள் அதை நம்பி நாலு வருடம் எழுதிச் சேர்த்தார்கள். அந்தச் சங்கிலியை நடத்துவது இருபது பேர். அவர்களுக்குச் சாட்சிகள் என்று பெயர். சாட்சிகளைத் தெரிவு செய்வது நாணயம் வைத்திருப்பவர்கள். இங்கே ஒரு சின்ன விதி இருந்தது, கவனியுங்கள். ஒவ்வொருவரும் முப்பது சாட்சிகள் வரைக்கும் வாக்களிக்கலாம், ஒவ்வொரு வாக்கிலும் அவருடைய நாணயம் முழுவதன் பலமும் சேரும். அப்படியென்றால் எவரிடம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதோ அவருக்கு இருபது இடமும் போகும். மற்றவர்களுக்கு ஒன்றுகூட மிஞ்சாது.

அதைக் கட்டிய கொம்பனி மொத்த நாணயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருந்தது. அதை வாக்குக்குப் பாவிக்க மாட்டோம், வளர்ச்சிக்கு மட்டும் பாவிப்போம் என்று சொல்லி வந்தது. வாய்வார்த்தைதான், நிரலில் எழுதப்படவில்லை. 2020 பெப்ரவரியில் ட்ரொன் என்ற வலையமைப்பின் ஜஸ்டின் சன் அந்தக் கொம்பனியை வாங்கினார். கொம்பனியோடு அந்த ஐந்தில் ஒரு பங்கும் அவருடைய கைக்குப் போனது. பயந்துபோன சாட்சிகள் பெப்ரவரி கடைசியில் ஒரு மாற்றத்தைச் செய்து அந்த நாணயத்தை முடக்கினார்கள். மார்ச் 2ஆம் திகதி விடிந்தபோது இருபது சாட்சிகளையும் காணவில்லை. புதுப் பெயர்கள் வந்திருந்தன. பினான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் என்ற மூன்று நாணயச் சந்தைகள் தங்களிடம் வாடிக்கையாளர் வைப்பிலிட்டிருந்த நாணயங்களைக் கொண்டு வாக்களித்திருந்தன. நாணயம் யாரோ ஒரு மாணவருடையது, யாரோ ஒரு தாயுடையது. வாக்கு சந்தைக்காரருடையது. அப்படி வாக்குக்காகப் பூட்டிய நாணயம் மீண்டும் முழுதாகக் கைக்கு வர பதின்மூன்று கிழமை எடுக்கும் என்பதும் அந்தச் சங்கிலியின் விதி. பிறகு பினான்ஸும் ஹுவோபியும் வாக்கை மீளப் பெற்றன. அதற்குள் காயம் ஆழமாகிவிட்டது.

பழைய ஆட்கள் மார்ச் 20ஆம் திகதி கணக்கேட்டை அப்படியே பிரதியெடுத்துக்கொண்டு ஹைவ் என்ற புதிய சங்கிலிக்குப் போனார்கள். ஜஸ்டின் சன்னுடைய பங்கை அங்கே கொண்டுபோகவில்லை. பின்பு மே மாதம் ஸ்டீமில் இருந்தவர்கள் 64 கணக்குகளிலிருந்து 23.6 மில்லியன் நாணயத்தை மென்பொருள் மாற்றம் ஒன்றின் மூலம் பறித்தார்கள். யார் நல்லவர் யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல இதை நான் எழுதவில்லை. இரண்டு பக்கமும் மற்றவரின் பொருளில் கைவைத்தன. எனக்கு முக்கியம் வேறொன்று. போனவர்களால் போக முடிந்தது. கணக்கேடு வெறும் எண்கள், பிரதியெடுக்கலாம். உங்கள் நிதியத்தை நான்கு பேர் கைப்பற்றினால் 240 குடும்பமும் எதைப் பிரதியெடுத்துக்கொண்டு எங்கே போகும்? இரணைமடுக் குளத்தைப் பிரதியெடுக்க முடியாது. நெல் காயவிடும் தளத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னும் சில சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஸ்டீமைப் பற்றி உங்களில் ஒரு தங்கச்சி, அது பழைய கதை அக்கா, இப்போது எல்லாம் திருத்திவிட்டார்கள் என்று சொன்னார்.

2022 ஏப்ரல் 17. பீன்ஸ்டோக் என்ற நிதி அமைப்பு. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் ஒரு நாள் கழித்து எந்தத் தீர்மானத்தையும் அவசரமாக நிறைவேற்றலாம் என்று அதன் நிரலில் இருந்தது. ஒருவர் முதல் நாள் தீர்மானத்தைப் போட்டு வைத்தார். மறுநாள் பெருந்தொகை ஒன்றைக் கடனாக எடுத்தார். அதில் வாக்குப் பலத்தை வாங்கினார். தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றினார். பெட்டகத்தைத் துடைத்தார். கடனையும் திருப்பிக் கட்டினார். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். அந்த அமைப்புக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 182 மில்லியன் டொலர். நிரலில் ஒரு வரியையும் அவர் உடைக்கவில்லை. விதி எப்படி எழுதப்பட்டிருந்ததோ அப்படியே நடந்தது. சில கணப்பொழுது மட்டும் முதலாளியாக இருந்த ஒருவருக்கு, மாதக்கணக்காகப் பணம் போட்டவர்கள் எல்லாரையும்விடப் பெரிய குரல் கிடைத்தது.

அதே வருடம் ஜூனில் சோலெண்ட் என்ற கடன் அமைப்பு. ஒரு பெரிய கடனாளியின் கணக்கை அவசரமாகக் கையகப்படுத்த வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆதரவாக விழுந்த ஏறக்குறைய 11 இலட்சத்து 50 ஆயிரம் வாக்கில் 10 இலட்சம் ஒரே கணக்கிலிருந்து வந்தது. எதிர்ப்புக் கிளம்பி அடுத்த நாளே இன்னொரு வாக்கெடுப்பால் அதை இரத்துச் செய்தார்கள். 2024 ஜூலையில் கொம்பவுண்ட் என்ற இன்னொரு கடன் அமைப்பு. ஒரு குழு மெல்ல மெல்ல ரோக்கன் சேர்த்து, தாங்கள் நடத்தும் ஏற்பாட்டுக்குப் பொதுப் பெட்டகத்திலிருந்து 499,000 ரோக்கனை மாற்றும்படி தீர்மானம் கொண்டுவந்தது. அப்போதைய விலையில் ஏறக்குறைய 24 மில்லியன் டொலர். ஆதரவு 682,191, எதிர்ப்பு 633,636. நிறைவேறிவிட்டது. பிறகு பேச்சுவார்த்தை நடத்தித்தான் பின்வாங்கச் செய்தார்கள். பேச்சுவார்த்தை, தம்பிமாரே. மனிதர்கள் இருந்து, மனிதர்களோடு பேசி. நிரல் தானாக எதையும் காப்பாற்றவில்லை.

செயினலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2022இல் இப்படி ரோக்கன் வாக்கில் இயங்கும் பத்துப் பெரிய அமைப்புகளைப் பார்த்தது. ரோக்கன் வைத்திருப்பவர்களில் 1 வீதத்துக்கும் குறைவானவர்களிடம் வாக்குப் பலத்தின் 90 வீதம் குவிந்திருந்தது. உங்கள் ஏழாம் பக்கத்தில் 240 குடும்பமும் வெளிநாட்டு நான்கு பேரும் இருக்கும் கணக்கும் அந்தப் பக்கம்தான் சரிகிறது.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணக்காரர் தோற்ற ஒரு பெரிய சம்பவம் உண்டு. 2017 மே மாதம் நியூயோர்க்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட பிட்கொயின் கொம்பனிகள் கூடி, வலையமைப்பின் விதியை மாற்றும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. பிட்கொயினைத் தோண்டும் கணினிப் பலத்தில் 80 வீதத்துக்கு மேல் தங்கள் பக்கம் என்றார்கள். பணமும் யந்திரமும் பெயரும் ஒரே பக்கம். ஆனாலும் நவம்பரில் அந்தத் திட்டத்தின் முக்கியமான பாதியை அவர்களே கைவிட்டார்கள். ஏனென்றால் வீட்டில் ஒரு சாதாரணக் கணினியில் முழுக் கணக்கேட்டையும் வைத்துத் தாங்களே சரிபார்க்கும் ஆயிரக்கணக்கானவர்கள், உங்கள் புது விதியை எங்கள் கணினி ஏற்காது என்று நின்றுவிட்டார்கள். அங்கே எவரும் நாணயத்தை எண்ணி வாக்கெடுக்கவில்லை. மறுக்கும் உரிமை ஒவ்வொருவருடைய வீட்டு மேசையிலும் இருந்தது. நீங்கள் பிட்கொயினை நினைத்துக்கொண்டு பரவலாக்கம் என்று பேசுகிறீர்கள். ஆனால் வரைந்து வந்திருப்பதோ ஸ்டீமையும் பீன்ஸ்டோக்கையும் போன்ற ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை உங்கள் விரிவுரையாளரோடு ஒரு முழு மாலை இருந்து பேசுங்கள். வேறு எதையும் தள்ளிவைக்கலாம், அதைத் தள்ளிவைக்காதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயம்.

ஸ்டீம் போன்ற வலையமைப்புகள் ஏன் நாணயத்தை எண்ணி வாக்கெடுக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பணக்காரர் மேல் ஆசையால் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவற்றுக்கு முகம் தெரியாது. ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் ஒருவரே இரவோடிரவாகப் பத்தாயிரம் கணக்குத் திறந்து பத்தாயிரம் ஆளாக வந்துவிடுவார். அதைத் தடுக்க வேறு வழி தெரியாமல்தான், போலியாக உருவாக்க முடியாத ஒன்றை, அதாவது பணத்தை, எண்ணினார்கள். முகம் தெரியாத உலகத்துக்கு அது ஒரு மருந்து. பக்கவிளைவு பயங்கரம் என்று எதீரியத்தை உருவாக்கிய விற்றாலிக் பியூட்டெரினே 2021இல் விரிவாக எழுதியிருக்கிறார். நாணயத்தைக் கடன் வாங்கி வாக்களிக்கலாம், வாக்கை மட்டும் தனியாக விலைக்கு வாங்கலாம், இலாப நட்டம் எதுவும் தன்னைச் சேராதவர்கூடத் தீர்மானிக்கலாம் என்பது அவருடைய கவலை.

எங்களுக்கு அந்த நோயே இல்லையே. வட்டக்கச்சியில் ஒருவர் இரண்டு ஆளாக வந்து நிற்க முடியுமா? கிராம அலுவலரிடம் குடும்பப் பதிவு இருக்கிறது. கமநல சேவை நிலையத்தில் காணிப் பதிவு இருக்கிறது. அதற்கும் மேலாக, யாருடைய மகள் யார், எந்த வாய்க்காலில் எத்தனையாவது காணி, எந்த வருடம் இடம்பெயர்ந்து எந்த வருடம் மீள வந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். உலகத்திலுள்ள பெரிய பெரிய கணினி விஞ்ஞானிகள் தேடித் தேடிக் கிடைக்காத ஒன்று எங்கள் ஒழுங்கையில் சும்மா கிடக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்களுடைய மருந்தை ஏன் குடிக்க வேண்டும்?

வாக்கை எதைக் கொண்டு எண்ணுவது என்ற சண்டை எங்கள் வயலுக்கும் புதிதில்லை. முந்தி வாய்க்காலையும் வேலியையும் பார்த்தவர் வட்டவிதானையார். அவரைத் தெரிவு செய்தவர்கள் காணிச் சொந்தக்காரர். குத்தகைக்கு உழுதவருக்கு, சேற்றில் நின்றவருக்கு, அந்தத் தெரிவில் சொல் இல்லை. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. அதில் பயிர் செய்பவர்களுக்கு இடம் கிடைத்தது. நில உரிமையாளர்கள் அந்தச் சட்டத்தை எப்படி எதிர்த்தார்கள் என்பது தனிக்கதை. சட்டம் பிறகு பல தரம் மாறி, இன்றைக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்கார அமைப்புகள் இயங்குகின்றன. வைத்திருப்பவருக்கா, உழைப்பவருக்கா வாக்கு என்ற கேள்விக்கு எங்கள் தாத்தாமார் ஒரு பதில் தேடியிருக்கிறார்கள். நீங்கள் அதை 1958க்கு முந்திய இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், அதுவும் காணியைக் கண்ணாலும் காணாதவர்களிடம்.

அப்பா எங்கள் வாய்க்கால் கமக்கார அமைப்பின் செயலாளராக இருந்தவர். சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். அரசாங்க அதிபர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழும்பிக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று சொல்லுவார். அந்த எண்ணைக் கேட்டதும் மண்டபம் ஒருமுறை மூச்சு விடும். கனகராயன் ஆறு அந்த வருடம் என்ன கொண்டுவந்ததோ அதுதான் எல்லாருக்கும் கணக்கு. காலபோகத்தில் விதைத்த அளவு சிறுபோகத்தில் வழமையாக விதைக்க முடியாது. ஆகவே யாருக்கு எவ்வளவு, எந்த வாய்க்காலுக்கு எப்போது, எந்தத் திகதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது என்று மணிக்கணக்காகச் சண்டை நடக்கும். கை தூக்கும்போது பத்து ஏக்கர்க்காரரின் கையும் ஒரு ஏக்கர்க்காரரின் கையும் ஒரே கைதான். வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் எழும்பி, உங்களுக்குத் தண்ணீர் வந்து எட்டு நாளைக்குப் பிறகுதான் எங்களுக்கு வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ ஐயா என்று சொல்லுவார். அந்தக் குரல் எந்த ரோக்கன் கணக்கிலும் விழாது. அவரிடம் இருப்பது ஒரு ஏக்கர். ஆனால் தீர்மானம் பிழைத்தால் அந்த வருடம் அவருடைய வீட்டில்தான் உலை ஏறாது.

இதைத்தான் நான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். ரோக்கன் எண்ணிக்கை ஒருவர் எவ்வளவு போட்டார் என்பதைச் சொல்லும். முடிவு பிழைத்தால் அவரால் விலகிப் போக முடியுமா, முடியாதா என்பதைச் சொல்லாது. லண்டனில் இருப்பவர் ரோக்கனை விற்றுவிட்டுப் போகலாம். அதிகம் போனால் அவர் போட்ட காசு நட்டம். வாய்க்கால் கடைசியில் இருக்கும் குடும்பத்துக்கு விற்றுவிட்டுப் போக ஒன்றும் இல்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதி ஒதுக்கிய பிறகு இங்கே கமக்காரர்கள் எழுந்து நின்றது அதனால்தான். யாழ்ப்பாணத்தின் தாகம் பொய் என்று எவரும் சொல்லவில்லை, அவர்களும் எங்கள் சனம்தான். ஆனால் பணம் வரும் பாதையில் தீர்மானம் முதலில் வந்துவிட்டது, குளத்தை நம்பி வாழ்பவரிடம் கேள்வி பிறகுதான் வந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. அந்த வருடங்களில் இங்கே நடந்த கூட்டங்களில் ரோக்கன் வாக்கு இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே கதை முடிந்திருக்கும்.

ஆளுக்கு ஒரு வாக்கு இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி எழுதினால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. கூட்டத்துக்கு வருபவர்கள் குறைவு. விதைப்புக்கு முற்பணம் தந்த நெல் வியாபாரி முன் வரிசையில் இருந்தால், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கை தூக்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்பா இல்லாமல் போன பிறகு கூட்டத்துக்கு அம்மா போனார். பெண்கள் பின்னுக்கு இருந்தார்கள், அவர்கள் பேசினால் கூட்டக் குறிப்பில் ஏறாது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியாகத் தாங்குகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களில் சிலர் அந்த வீடுகளிலிருந்துதான் படிக்க வந்திருக்கிறீர்கள். மூன்று கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அம்மா நாலாவது கூட்டத்தில், எங்கட மதகு உடைஞ்சு இரண்டு வருஷம், அதை எழுதாமல் இந்தக் கூட்டத்தை முடிக்க ஏலாது என்று எழும்பி நின்றார். எழுதினார்கள். அம்மாவிடம் ரோக்கன் எத்தனை என்று கேட்டிருந்தால் அந்த மதகு இன்றைக்கும் உடைந்துதான் கிடந்திருக்கும்.

ஆகவே ஆளுக்கு ஒரு வாக்கைச் சரியாக நடத்துவதற்குக் கருவி செய்யுங்கள். உங்கள் படிப்புக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. இரகசிய வாக்கு வேண்டும், வியாபாரியின் முகம் தெரியாமல். கூட்டத்துக்கு வர முடியாத, வயலில் நிற்கும், பிள்ளை பெற்ற, நோயில் கிடக்கும் பெண் கைத்தொலைபேசியிலிருந்து வாக்களிக்க வேண்டும். கூட்டக் குறிப்பை எவரும் பின்னால் திருத்த முடியாமல் பதிய வேண்டும். ஒவ்வொரு ரூபாயும் எந்த வழியில் போனது என்று ஊரில் எவரும் பார்க்க வேண்டும். பிளொக்செயினின் உண்மையான பலம் அந்தத் திருத்த முடியாத ஏடுதான். உங்கள் வரைவில் அதை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு, வாக்கை விற்பதற்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுடைய பணம் இல்லாமல் இங்கே எத்தனை கூரை ஏறியிருக்கும், எத்தனை பிள்ளை பல்கலைக்கழகம் வந்திருக்கும்? பனியில் நின்று உழைத்த காசு அது. அவர்களுக்கு உரிமை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கணக்கு முழுவதையும் பார்க்கும் உரிமை. களவு என்று கண்டால் பணம் வெளியே போவதை நிறுத்தும் உரிமை. இன்னும் செலவாகாத பங்கைத் திரும்பப் பெறும் உரிமை. எந்த வேலைக்கு என் பணத்தைப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லும் உரிமை. ஆனால் எந்த விதைநெல், எந்த மதகு முதலில், யாருக்குக் கடன் என்பது இங்கே இருப்பவர் சொல்ல வேண்டியது. ஒரு கோயில் திருப்பணியில் நான் பார்த்தேன். பெருந்தொகை தந்த ஒரு குடும்பம் கோபுரம்தான் வேண்டும் என்று நின்றது. ஊர்ச்சனம் கேட்டது மழைக்கு ஒதுங்க ஒரு மடமும் இரண்டு கழிப்பறையும். கோபுரம் எழுந்தது. திருவிழாவுக்கு வரும் வயதான பெண்கள் இன்றைக்கும் பற்றைக்குப் பின்னால் போகிறார்கள். தந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் அதைச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒப்டிமிசம் என்ற வலையமைப்பு 2022இல் இரண்டு சபை முறையை அறிவித்தது. ஒன்று ரோக்கன் வைத்திருப்பவர்களுக்கு. மற்றது ஆட்களுக்கு, அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு, அந்த வாக்குரிமையை விற்கவும் முடியாது என்று வைத்தது. பணக்கார வலையமைப்பே இப்படி ஒரு வழியைத் தேடியது. உங்களுக்கு இது இன்னும் சுலபம், ஆட்களை நீங்கள் நேரே அறிவீர்கள்.

சட்டப் பக்கத்தையும் விடாதீர்கள். மெய்நிகர் நாணய வியாபாரத்துக்கு எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018இலிருந்து பல தரம் அறிவித்துவிட்டது. வங்கி அட்டை கொண்டு அதை வாங்கவும் அந்நியச் செலாவணிப் பணிப்புரைகளின்படி இடமில்லை. கிரிப்டோ பெயரைச் சொல்லிக் கொண்டு வந்த பிரமிட் திட்டங்கள் 2023இல் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கின்றன. அப்படியான ஒன்றில் என் சித்தப்பாவின் மகன் நகையை அடகுவைத்துப் போட்ட பணம் போய்விட்டது. நீங்கள் ஊரில் ரோக்கன் என்ற சொல்லை எடுத்தவுடனே சனத்துக்கு அதுதான் ஞாபகம் வரும், அதை அழிக்க உங்களுக்கு வருடங்கள் போகும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகப் பதியுங்கள். 1844இல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் நெசவாளர் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்த முறை அது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்பது அதன் முதுகெலும்பு. வடக்கில் எங்கள் கூட்டுறவுகள் போரிலும் இடப்பெயர்விலும் எத்தனை தரம் கடையைத் தூக்கிக்கொண்டு நடந்தன என்று உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள்.

உங்கள் வரைவை இந்த மடலோடு திருப்பி அனுப்புகிறேன். ஏழாம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அழித்துவிட்டு உங்கள் கையால் எழுதுங்கள். 240 குடும்பம், குடும்பத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, விற்க முடியாது, கைமாற்ற முடியாது, ஊரைவிட்டு நிரந்தரமாகப் போனால் முடிந்துவிடும். நன்கொடையாளருக்குத் தனிச் சபை, மேலே சொன்ன நான்கு உரிமையோடு. தீர்மானம் நிறைவேறிப் பணம் வெளியே போக இடையில் பதினான்கு நாள், அந்த நாட்களில் ஊரில் ஐம்பது பேர் ஒப்பமிட்டால் மறுபடி கூட்டம். விதியை மாற்ற இரண்டு சபையும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். அந்த நான்கு பேரிடம் இதை நான் பேசுகிறேன். எனக்குத் தெரிந்த அந்த அண்ணை ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பணத்தை விட்டுவிட்டுச் சின்னதாகத் தொடங்குவோம். முதல் ஐம்பதாயிரம் ரூபாய் நான் தருகிறேன், எனக்கும் ஒரு வாக்குத்தான்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்குத் திகதி வந்ததும் சொல்கிறேன். மடிக்கணினி வேண்டாம், கொப்பியும் பேனையும் போதும். மண்டபத்தில் பின் வரிசையில் பெண்களோடு இருங்கள். யார் எழும்புகிறார், யார் எழும்பப் பார்த்துவிட்டு இருக்கிறார், யாருடைய முகத்தை யார் பார்க்கிறார் என்று எழுதுங்கள். முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். அம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவதாகச் சொல்கிறார்.

அன்போடு,
வட்டக்கச்சியிலிருந்து
உங்கள் அக்கா